இங்கிலாந்துச் சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் போர்வீரர் கல்லறையைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு சிறிய ஊருக்குப் போனால் கடைத்தெரு முனையிலோ தேவாலய வாசலிலோ ஒரு கற்சிலுவை நிற்கும். பீடத்தில் நாற்பது, ஐம்பது பெயர்கள். மேலே 1914–1918 என்று ஆண்டுகள். அதே ஊரின் எல்லையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தால், கறுத்துச் சாய்ந்த பழைய கற்களுக்கு நடுவே ஒரே அளவில் ஒரே வடிவில் சில வெள்ளைக் கற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். சிலுவையில் பெயர் உள்ளவர்கள்தான் இந்தக் கற்களின் கீழே இருக்கிறார்கள் என்று புதிதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அநேகமாக எந்த ஊரிலும் அது சரிவராது. சிலுவையில் உள்ளவர்களில் பெரும்பாலோர் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ துருக்கியிலோ புதைக்கப்பட்டவர்கள். பலருக்கு உடலே கிடைக்கவில்லை. வெள்ளைக் கல்லின் கீழே இருப்பவர்களில் சிலரோ, உயிரோடு இருந்தபோது அந்த ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்.

இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு விதிகளின்படி போட்ட பட்டியல்கள். அந்த விதிகள் தெரிந்துவிட்டால் எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தையும் படித்துவிடலாம்.

உடல் ஏன் ஊருக்கு வரவில்லை

முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களில், வசதியான குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் உடலைப் பிரான்சிலிருந்து சொந்தச் செலவில் கொண்டுவந்தன. 1915இல் பிரிட்டிஷ் படை இதைத் தடை செய்தது. பணம் உள்ளவன் வீட்டுக்கு வருவான், இல்லாதவன் அங்கேயே கிடப்பான் என்ற நிலை கூடாது என்பது ஒரு காரணம். லட்சக்கணக்கில் உடல்களைக் கப்பலேற்றுவது நடக்காத காரியம் என்பது இன்னொன்று. இந்தக் கொள்கைக்குப் பின்னால் இருந்தவர் பேபியன் வேர். செஞ்சிலுவைச் சங்க வாகனப் பிரிவோடு பிரான்சுக்குப் போன அவர், கல்லறைகளைப் பதிவு செய்ய ஆளே இல்லை என்பதைக் கண்டு அந்த வேலையைத் தொடங்கினார். அதுவே 1917 மே 21 அன்று அரச சாசனத்தின் கீழ் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையமாக ஆனது. 1960 முதல் அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் கல்லறைகளும் பெயர்களும் இன்று அதன் பொறுப்பில் இருக்கின்றன.

அப்படியானால் பிரிட்டனுக்குள்ளேயே இருக்கும் வெள்ளைக் கற்கள் யாருடையவை? பிரிட்டன் மண்ணில் இறந்தவர்களுடையவை. போர்முனையில் காயம்பட்டுக் கப்பலில் வந்து, இங்கே மருத்துவமனையில் இறந்தவர்கள் ஒரு பகுதி. பயிற்சி முகாமில் நிமோனியாவாலோ மூளைக்காய்ச்சலாலோ போனவர்கள், குண்டெறியும் பயிற்சியில் சிதறியவர்கள், விமானப் பயிற்சியில் விழுந்தவர்கள் என்று இன்னும் பலர். 1918 இலையுதிர் காலத்தில் தேதியிட்ட கற்கள் ஒரே தோட்டத்தில் நாலைந்து சேர்ந்து தென்பட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஃப்ளூயன்சா காய்ச்சலைத்தான். போர்முனையில் செத்தவர்களைத் தேடி வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஆணையத்தின் கணக்கில் குண்டடியும் காய்ச்சலும் ஒன்றுதான்.

சொந்த ஊர்க்காரர் என்றால் குடும்பம் உடலை வாங்கித் தங்கள் இடத்தில் புதைத்தது. அதனால்தான் பல தோட்டங்களில் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்தில் பெரிய ராணுவ மருத்துவமனையோ விமானத் தளமோ இருந்திருந்தால் ஒரு மூலையில் வரிசையாக நிற்கும். அப்படி நாற்பது கல்லறைக்கு மேல் சேர்ந்த இடங்களில் பொதுவாக ரெஜினால்ட் ப்ளூம்ஃபீல்ட் வடிவமைத்த தியாகச் சிலுவை, முகத்தில் வெண்கல வாள் பதித்து, நிற்கும். இதையும் கடைத்தெருச் சிலுவையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது ஆணையம் வைத்தது, பீடத்தில் ஊர்ப் பெயர்ப் பட்டியல் இருக்காது.

யார் கணக்கில் வருவார்

தேதிதான் முதல் சோதனை. முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்தக் காலத்தில் படைப்பணியில் இருக்கும்போது இறந்தவர் எப்படி இறந்தாலும் கணக்கில் சேர்வார். தற்கொலையும் சாலை விபத்தும்கூட. பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு இறந்தவர் என்றால், இறப்புக்குக் காரணம் போர்ப் பணிதான் என்று நிறுவ வேண்டும்.

இதில் கோடு எவ்வளவு கறாரானது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். நச்சுவாயுவில் நுரையீரல் கெட்டு ஊர் திரும்பிய இருவர். ஒருவர் 1921 ஜூலையில் இறக்கிறார், மற்றவர் அதே ஆண்டு அக்டோபரில். முதலாமவருக்கு ஆணையத்தின் கல் கிடைக்க வழி உண்டு. இரண்டாமவருக்கு இல்லை. அவர் குடும்பம் வைத்த சாதாரணக் கல்லோடு, அல்லது கல்லே இல்லாமல், அதே தோட்டத்தில் இருப்பார். விடுவிக்கப்பட்ட பின் இறந்தவர்களின் பெயர்கள் அந்நாளில் ஆணையத்துக்குத் தெரியாமலே போனதும் உண்டு. தன்னார்வலர்கள் இறப்புச் சான்றிதழ்களைத் தோண்டியெடுத்துக் காட்டுவதால் இன்றும் புதுப் பெயர்கள் சேர்கின்றன. நூறு வருடப் பழைய மண்ணில் பளிச்சென்று புத்தம் புதுக் கல் நின்றால், அது சமீபத்தில் சேர்க்கப்பட்ட பெயராக இருக்கலாம். தேய்ந்த கல்லுக்கு மாற்றாக வந்ததாகவும் இருக்கலாம்.

இரண்டாம் போரில் ஊர்க்காவல் படையான ஹோம் கார்டில் இறந்தவர்கள் சேர்வார்கள். குண்டுவீச்சில் இறந்த தீயணைப்புப் படையினரும் பொதுமக்களும் வேறு பட்டியல். அதுவும் ஆணையம் தயாரித்ததுதான், ஆனால் அவர்கள் கல்லறைக்கு வெள்ளைக் கல் கிடையாது.

கல்லை மேலிருந்து கீழாகப் படிப்பது

ஆணையத்தின் வழக்கமான கல் தரைக்கு மேல் 81 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம், 7.6 செ.மீ. தடிமன். உச்சி லேசாக வளைந்திருக்கும். வளைவு அழகுக்கு மட்டும் இல்லை. மழைநீர் தேங்காமல் வழிந்துவிட வேண்டும் என்பதற்கும்தான். எழுத்து வடிவத்தை வரைந்தவர் மேக்டொனால்ட் கில். தளபதிக்கும் சிப்பாய்க்கும் கல் ஒரே அளவு. சிலுவை வடிவக் கல்தான் வேண்டும் என்று பல குடும்பங்கள் கடுமையாகச் சண்டை போட்டன, விவகாரம் 1920இல் நாடாளுமன்றம் வரை போனது. ஆணையம் விட்டுக்கொடுக்கவில்லை.

உச்சியில் படைப்பிரிவின் சின்னம். கனடாவுக்கு மேப்பிள் இலை, நியூசிலாந்துக்குப் பெரணி இலை, ஆஸ்திரேலியாவுக்கு உதயசூரியன். அதன் கீழே படை எண்ணும் பதவியும். அதிகாரிகளுக்கு எண் போடுவதில்லை. எண் இல்லாவிட்டால் ஆள் அதிகாரி என்று ஊகிக்கலாம். எண்ணே சில சேதி சொல்லும். 1917 தொடக்கத்தில் டெரிட்டோரியல் (பகுதிநேரத் தொண்டர் படை) காலாட்படைக்காரர்களுக்கு ஆறு இலக்கப் புது எண்கள் கொடுத்தார்கள். ஆகவே காலாட்படைக் கல்லில் ஆறு இலக்க எண் இருந்தால், அவர் ஊர்ப்புறத்து டெரிட்டோரியல் படையில் இருந்து 1917 வரைக்குமாவது உயிரோடு இருந்தவர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். விமானக்காரர் கல்லில் ராயல் ஃப்ளையிங் கோர் என்று இருந்தால் அவர் 1918 ஏப்ரல் 1க்கு முன் இறந்தவர். அன்றுதான் ராயல் ஏர் ஃபோர்ஸ் பிறந்தது.

பிறகு பெயர், பெரும்பாலும் முதலெழுத்துகளும் குடும்பப் பெயரும் மட்டும். பதக்கம் இருந்தால் பக்கத்தில் அதன் சுருக்கம். பிறகு படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. வயது எல்லாக் கல்லிலும் இருக்காது. ஆணையம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படிவம் அனுப்பியது. நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களின் தகவல்தான் கல்லில் ஏறியது. குடும்பம் வீடு மாறியிருக்கலாம், தாய்க்கு அதை நிரப்ப மனம் வராமலும் இருந்திருக்கலாம். காரணம் எதுவோ, வயது இல்லாத கல் என்றால் அந்தப் படிவம் வரவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும்.

நடுவில் மதச் சின்னம். கிறிஸ்தவருக்குச் சிலுவை, யூதருக்குத் தாவீதின் நட்சத்திரம், வேண்டாம் என்றவர்களுக்கு எதுவும் இல்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவருக்கு அந்த இடத்தில் பதக்கத்தின் வடிவமே செதுக்கப்பட்டிருக்கும்.

அடியில், பல சமயம் புல்லுக்குள் மறைந்து, குடும்பம் தேர்ந்தெடுத்த வாசகம். இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. முதல் போருக்குப் பிறகு எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். எல்லோருக்கும் சமம் என்று சொல்லும் அமைப்பு இதற்குக் காசு கேட்டது அன்றைக்கே பலருக்கு உறுத்தியது. கனடா அரசு செலவைத் தானே ஏற்றது. நியூசிலாந்து வாசகமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. ஆகவே நியூசிலாந்துக் கல்லின் அடி வெறுமையாக இருந்தால் குடும்பம் கைவிட்டது என்று எண்ண வேண்டாம்.

ஆள் யாரென்று தெரியாத கல்லில் 'மகாயுத்தத்தின் ஒரு வீரன்' என்று மேலேயும், 'கடவுள் அறிவார்' என்னும் பொருள்பட ஒரு வரி கீழேயும் இருக்கும். அந்தச் சொற்களைத் தந்தவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய மகன் 1915இல் லூஸ் போரில் காணாமல் போனவன். பிரிட்டனுக்குள் இந்த வகைக் கல்லைக் கடலோர ஊர்களில்தான் அதிகம் பார்க்கலாம். அலை ஒதுக்கிய உடல்கள் அவை.

வடிவம் மாறினால்

உச்சி கூராக இருந்தால் பெரும்பாலும் போலந்துக்காரர். இரண்டாம் போரில் பிரிட்டனிலிருந்து பறந்தவர்கள், போரிட்டவர்கள். வளைந்த உச்சிதான், ஆனால் இரு தோள்களிலும் சின்ன வெட்டு இருக்கிறது என்றால், அது உலகப் போர்த் தேதிகளுக்கு வெளியே இறந்தவருக்குப் பாதுகாப்பு அமைச்சகம் வைத்த கல். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அமெரிக்கர்கள் சிற்றூர்த் தோட்டங்களில் அரிது. அவர்களுடைய உடல்களை ஒன்று நாட்டுக்குக் கொண்டுபோனார்கள், இல்லையென்றால் ப்ரூக்வுட், கேம்ப்ரிட்ஜ் ஆகிய இடங்களிலுள்ள அமெரிக்கக் கல்லறைகளில் சேர்த்தார்கள். ஜெர்மானியரில் ஏறத்தாழ 5,000 பேர் 1960களில் கானக் சேஸ் என்ற ஒரே இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். சிலர் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள்.

பெரிய பொறி குடும்பக் கற்களில்தான் இருக்கிறது. ஆணையத்தின் கல் கட்டாயம் இல்லை. குடும்பம் தன் செலவில் வேறு கல் வைத்துக்கொள்ளலாம், வைத்தார்கள். ஆக வெள்ளைக் கற்களை மட்டும் எண்ணிவிட்டு வந்தால் கணக்குக் குறையும். இன்னொரு பக்கம், அப்பா அம்மா பெயர் பொறித்த கல்லில் கடைசியாக 'இவர்களுடைய மகன், 1916இல் பிரான்சில் போரில் மாண்டவன்' என்று ஒரு வரி இருக்கும். அந்த மகன் அங்கே இல்லை. உடல் வராத வீட்டார் பெயரையாவது சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதையும் போர்க் கல்லறை என்று எழுதிவைத்தால் கணக்குக் கூடிப்போகும். இறந்த நாட்டின் பெயரோ, 'போரில் மாண்டார்' என்ற சொல்லோ கண்ணில் பட்டால் உடனே ஆணையத்தின் தரவுத்தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

ஊர்ச் சிலுவையின் பட்டியலை யார் போட்டார்கள்

இதற்கு அரசு விதி எதுவுமே கிடையாது. போர் முடிந்ததும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு கூடியது, பணம் வசூலித்தது. சிலுவை வைப்பதா, மண்டபம் கட்டுவதா, மருத்துவமனைக்கு ஒரு கட்டில் கொடுப்பதா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டது. பெயர்களுக்குத் தேவாலயக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள், உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள், வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். இந்த ஊரில் பிறந்தவரா, இங்கே குடியிருந்தவரா, இங்கே வேலை பார்த்தவரா, பெற்றோர் இங்கே இருக்கிறார்களா என்பதையெல்லாம் அந்தந்தக் குழு தன் இஷ்டப்படி முடிவு செய்தது. அதனால் ஒரே ஆள் மூன்று ஊர்ச் சிலுவைகளிலும், ஒரு பள்ளிப் பலகையிலும், ஒரு ரயில்வே நிறுவனப் பலகையிலும் இருக்கலாம். யாரும் சொல்லாததால் எங்குமே இல்லாமலும் போகலாம். மகன் திரும்பி வருவான் என்று நம்பிக்கொண்டிருந்த தாய்கள் பெயர் கொடுக்க மறுத்ததுண்டு. சிலுவை திறந்த பிறகு இறந்தவர்களுக்கு இடம் இல்லாமல் போனதும் உண்டு.

தங்கள் படையாலேயே தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்ட வீரர்களைப் பல ஊர்கள் விட்டுவிட்டன. ஆணையம் விடவில்லை, அவர்களுக்கும் அதே கல், அதே எழுத்து. அவர்களில் 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. பிறகு சில ஊர்கள் பெயரைச் சேர்த்தன.

ஆண்டு 1914–1919 என்று இருந்தால் செதுக்கியவர் பிழை என்று எண்ணிவிட வேண்டாம். சண்டை நின்றது 1918 நவம்பர் 11, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28. எந்த நாளை முடிவாகக் கொள்வது என்பதும் குழுவின் முடிவுதான்.

தேடும் முறை

ஆள் பெயரை வைத்துத் தேடத் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் கல்லறைத் தோட்டத்தின் பெயரைப் போட்டு, அங்குள்ள எல்லோருடைய பட்டியலையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் நகராட்சித் தோட்டம் ஒன்றும் தேவாலய வளாகம் ஒன்றும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். நுழைவாயிலில் ஆணையத்தின் சிறிய பச்சைப் பலகை இருந்தால் உள்ளே போர்க் கல்லறை உண்டு என்று அர்த்தம்.

பட்டியலில் ஒவ்வொருவருக்கும் இடக்குறிப்பு இருக்கும்: பிரிவு, வரிசை, எண். தேவாலய வளாகம் என்றால் 'கோபுரத்துக்கு வடகிழக்கே' என்று மட்டும் இருக்கலாம். பிரிவு எழுத்துகள் தரையில் எழுதியிருக்காது. நகராட்சி அலுவலகத்தில் புதைப்புப் பதிவேடும் வரைபடமும் இருக்கும், அதைப் பார்க்காமல் பெரிய தோட்டத்துக்குள் இறங்கினால் அரை நாள் போய்விடும். குறிப்பிட்ட இடத்தில் வெள்ளைக் கல் இல்லை என்றால், அங்கே குடும்பக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் தோட்டத்தில் எங்காவது பெயர்ச் சுவரோ பலகையோ இருக்கலாம். சரியான இடம் தொலைந்துபோனவர்களுக்கு 'இந்தத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர்' என்று மேலே எழுதிய கல்லையும் ஆணையம் வைத்திருக்கிறது. பெயர் பொருந்தவில்லையா? பொய்ப் பெயரில் சேர்ந்தவர்கள் ஏராளம். வயது குறைந்த பையன்களும், வீட்டை விட்டு ஓடிவந்தவர்களும். அப்போது படை எண்ணை வைத்துத் தேடினால் ஆள் அகப்படுவார்.

தேய்ந்த எழுத்தும் அழுக்குக் கல்லும்

வெள்ளைக் கற்களில் பல போர்ட்லாந்து சுண்ணாம்புக்கல்லால் ஆனவை, அது அமிலம் கலந்த மழையில் மெல்லக் கரையும். எழுத்தின் ஓரம் மழுங்கி, பிறகு பள்ளமே ஆழம் குறையும். படிப்பதற்குச் சாக்பீஸ், மாவு, ஷேவிங் நுரை என்று பூசுவார்கள், எதுவும் வேண்டாம். அவை கல்லின் நுண்துளைக்குள் இறங்கிவிடும், பாசியும் வளரும். வெளிச்சம் போதும். சூரியன் கல்லின் முகத்தைப் பக்கவாட்டில் உரசிப் போகும் நேரம் பார்த்துப் போனால் நிழல் பள்ளத்தில் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். வடக்குப் பார்த்த கல்லுக்கு அந்த வாய்ப்பு குறைவு, ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஓரத்திலிருந்து அடிக்க வேண்டும். மேகமூட்டம் என்றால் டார்ச். குடும்பக் கற்களில் ஈய எழுத்துகள் பதித்திருப்பார்கள். எழுத்து உதிர்ந்திருந்தாலும் அதைப் பிடித்திருந்த துளைகள் நிற்கும், துளைகளின் அமைப்பை வைத்தே எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கலாம்.

கம்பித் தூரிகை, பிளீச், பிரஷர் வாஷர் மூன்றும் நல்ல எண்ணத்தோடு வருபவர்கள் செய்யும் நாசம். மேல்தோல் போனால் கல் அடுத்த குளிர்காலத்தில் இன்னும் வேகமாகப் பொரியும். நீர் உள்ளே போய் உறைந்து விரியும். மென்மையான தூரிகை, சுத்தமான தண்ணீர், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அதையும் உரிமையாளரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஆணையத்தின் கல் என்றால் கை வைக்காமல் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புவதே மேல். மீண்டும் செதுக்குவதும் கல் மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு.

ஊர்ச் சிலுவையின் நிலைமை சிக்கலானது. வசூலித்துக் கட்டிய குழு எப்போதோ கலைந்துபோயிருக்கும், பல இடங்களில் உரிமையாளர் யாரென்றே தெரியாது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகள் இதற்குச் செலவு செய்யலாம் என்றது. செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பழுதுபார்க்கையில் இரண்டு இடங்களில் காரியம் கெடும். பழைய சுண்ணாம்புச் சாந்தை எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினால், இணைப்பு வழியாக வெளியேற வேண்டிய ஈரம் கல் வழியாகவே வெளியேறிக் கல்லை உரித்துவிடும். உள்ளே இருக்கும் இரும்புப் பிணைப்புகள் துருப்பிடித்து ஊதினால் கல் வெடிக்கும். விரிசலை மட்டும் அடைத்து இரும்பை விட்டுவைத்தால் அடைத்த காசு வீண்.

இந்தியாவில் இருந்த கல்லறைகள்

இதே ஆணையம் இந்தியாவில் வேறு வழியில் போனது. சிறு ஊர்களிலும் கன்டோன்மென்ட்களிலும் இருந்த கல்லறைகளை நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று முடிவு செய்து, இரண்டாம் போர்க் கல்லறைகளைச் சில பெரிய இடங்களில் சேர்த்தார்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த மெட்ராஸ் போர்க் கல்லறை அப்படி வந்தது. தெற்கிலும் கிழக்கிலும் இருந்த பல தோட்டங்களிலிருந்து வந்த 850க்கு மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் போர்க்காரர்களை எடுக்கவில்லை. அவர்கள் புதைந்த இடத்திலேயே இருக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் மட்டும் அதே வளாகத்தின் பின்புறம் உள்ள 1914–1918 நினைவுச்சின்னத்தில் ஏறின. தெற்கிலோ கிழக்கிலோ ஏதாவது ஒரு பழைய கன்டோன்மென்ட் கல்லறையில் 1916ஆம் ஆண்டுக் கல் ஒன்றைப் பார்த்தால் பெயரை நந்தம்பாக்கத்தில் தேட வேண்டும்.

இன, மத, பதவி வேறுபாடு இல்லை என்ற கொள்கை இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் முழுதாக நடைமுறையாகவில்லை. ஆணையம் அமைத்த குழுவே 2021 அறிக்கையில் இதைச் சொன்னது: முதல் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லும் நினைவே கிடைக்கவில்லை. இந்திய, ஆப்பிரிக்கப் படைகளில் முன்னோர் யாராவது இருந்து, தரவுத்தளத்தில் பெயர் அகப்படவில்லை என்றால், அவர் இறக்கவில்லை என்றோ படையில் இல்லை என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. விடுபட்ட பெயர்களை ஆவணத்தோடு ஆணையத்துக்கு அனுப்பலாம். படை எண், படைப்பிரிவு, இறந்த தேதி, இறப்புக்கான காரணம் ஆகிய நான்கும் இருந்தால் விண்ணப்பம் வலுவாக நிற்கும்.